முட்டை அட்டை ஒட்டின அறை

மெல்லங்க டீச்சர், மெல்ல. செருப்பை அங்கயே கழட்டிப்போட்டு வாங்க. வாசப்படியில பார்த்துக் கால் வைங்க, நீளமா ஒண்ணு கெடக்குது பாருங்க. பயந்துபோயிடாதீங்க, பாம்பு கீம்பு இல்லை. என்ற பழைய சீலையைச் சுருட்டித் தெச்சு உள்ளார கழிவு நூலை அடைச்சு வெச்சிருக்கேன். கதவுக்குக் கீழ சந்து இருக்குதில்லீங்களா, அதுல வெச்சு அழுத்திட்டா தெருச் சத்தம் உள்ள வராது. உட்காருங்க. நாற்காலியை இழுத்தாலும் பரவால்லீங்க, நாலு காலுக்கும் சைக்கிள் டியூப் மாட்டியிருக்கேன். இருந்தாலும் தூக்கி வெச்சா நல்லது. பழக்கம் பாருங்க, அதுக்குச் சொல்றேன்.

தர்ஷிகா அப்பா உள்ள தூங்கறாருங்க. நைட் ஷிப்ட்டு. ராத்திரி எட்டுக்குத் தறிக்குப் போனா காலையில எட்டுக்குத்தான் வருவாரு. குளிச்சுச் சோறு தின்னுட்டுப் பத்து மணிக்குப் படுத்தாருன்னா சாயந்தரம் அஞ்சரை வரைக்கும் தூக்கம். இப்ப மணி நாலே முக்கால் இருக்கும். இன்னும் முக்கால் மணி நேரம் நாம இப்படிக் குசுகுசுன்னுதான் பேசோணும். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், முப்பது புள்ளைங்களை அதட்டற தொண்டை. எனக்குப் பழகிப்போச்சு. எட்டு வருசமா இதாங்க என்ற குரலு.

தர்ஷிகாவா? உங்களைத் தெருமுக்குல பார்த்ததும் ஓடி வந்து அவங்கப்பா அறைக்குள்ள பூந்துக்கிட்டா. பயம்னு நெனைக்காதீங்க, தினமும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா பையைப் போட்டுட்டு நேரா அங்கதான் போவா. அவரு எந்திரிக்கற வரைக்கும் கட்டிலுக்குப் பக்கத்துல கீழ உக்காந்திருப்பா. கதவைச் சாத்திட்டா உள்ளிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வராது. மத்த ஊட்டுப் புள்ளைங்க எல்லாம் இந்நேரத்துக்குத் தெருவுல என்ன கத்து கத்துதுங்க பாருங்க. இவ அப்படியில்லை. வளர்ப்பு அப்படிங்க.

நீங்க குடுத்துவிட்ட சீட்டை நானே படிச்சேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிச்சுருவேன். வகுப்புல கேள்வி கேட்டா வாய் மட்டும் அசையுது, குரல் வரமாட்டேங்குது, காதைச் சோதிச்சுப் பார்க்கோணும், ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்லாட்டி அடுத்த வருசம் வாய் பேசாத புள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடத்துல சேர்க்கறதைப் பத்தி ஹெட்மாஸ்டர் பேசோணும்ங்கறாரு... இதானுங்களே எழுதியிருந்தீங்க? மூணு தடவை படிச்சேன். படிச்சுட்டு ராவெல்லாம் தூக்கமில்லை. நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க, இல்லைங்கலை. ஆனா பொட்டப்புள்ளையை ஊமைப் பள்ளிக்கூடத்துல போட்டேன்னு வெச்சுக்கங்க, அந்தப் பேரு அவ கழுத்துல தாலி ஏறற வரைக்கும் போகுமா? தாலிதான் ஏறுமா?

என்ற புள்ளைக்கா காது கேக்காது? அட போங்க டீச்சர். அடுக்களையில எலி ஓடினா எனக்கு முன்னால அவ சொல்லுவா. அவங்கப்பன் புரண்டு படுத்தாக்கூட எனக்கு ஜாடை காட்டுவா. காது கத்தி மாதிரிங்க அவளுக்கு. பேச்சு கம்மி, அவ்வளவுதான். பேசாம இருக்கறது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்க, வகுப்புல நீங்க என்ன சொல்றீங்க, கையைக் கட்டு வாயைப் பொத்துன்னுதானே? என்ற புள்ள ஊட்டுலயே அதைக் கத்துக்கிட்டு வந்துட்டா. அதுக்கு இப்படி ஒரு சீட்டா?

கோவிச்சுக்காதீங்க. மனசு தாங்கலை, அதான். இருங்க, டீ வெக்கறேன். டம்ளரைக் கீழ வெக்கறப்ப இந்தத் துணி மேல வைங்க.

நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. இந்தப் பள்ளிபாளையத்துல எந்தத் தெருவுக்குப் போனாலும் தறிதான். இப்பக்கூட ஓடுது பாருங்க, சடக்கு சடக்குன்னு. எங்க பின்செவுத்துக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடுது. என்னங்க? அந்தச் சத்தமா? அது சத்தத்துல சேர்த்திங்களா டீச்சர்? சோறு போடறது அது. அது நின்னாத்தான் நாங்க பயப்படுவோம். கரண்டு போய்த் தறி நின்னா புள்ளைக்குட்டியெல்லாம் முழிச்சுக்கும் எங்க தெருவுல. நான் சொல்ற சத்தம் வேற. பாத்திரம், மிக்சி, குக்கர் விசிலு, புள்ளை அழுகறது. மனுசங்க பண்ற அக்கப்போரு.

எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும்.

தர்ஷிகா பொறந்து நாலு மாசம். அழுகைன்னா அழுகை, அப்படி ஒரு அழுகை. பாவாயி அக்கா, பக்கத்து ஊடு, அவங்க சொல்லுவாங்க, 'ஏன் ருக்கு, உன்ற புள்ள பாட்டுக்காரியாத்தான் வருவா, காவேரிக்கு அக்கட்டால இருக்கறவனுக்கும் கேக்குது'ன்னு. எங்கம்மா குரலு அது. எங்கம்மா கூப்பிட்டாங்கன்னா நாலு தெரு தள்ளி வெளையாடிட்டிருக்கற நான் ஓடி வரோணும். அந்த வளம் என்னையத் தாண்டிப் புள்ளைக்குப் போயிருச்சு. புள்ள அழுதா அவரு எப்படித் தூங்குவாரு? பகல்ல தூக்கமில்லை, ராத்திரி தறி. ஒரு மாசம், ரெண்டு மாசம் ஓட்டினாரு. ஒரு நாள் விடிகாலையில தறி மேலயே கண்ணைச் சொருகிருச்சு. கை உள்ள போயிருச்சு. பக்கத்துத் தறிக்காரரு பட்டனை அமுத்தலைன்னா கையே போயிருக்கும்னாங்க. ரெண்டு விரலு நுனியோட போச்சு.

மூணு மாசம் ஊட்டுல கெடந்தாரு. கைக்கட்டோட பாயில படுத்திருப்பாரு, இவ வீல் வீல்னு கத்துவா. ஒரு நாள் சோத்துத் தட்டை விசிறியடிச்சாரு டீச்சர். என்ற மேல இல்லை, செவுத்து மேல. அடிச்சுப்போட்டுச் சொன்னாரு, 'இந்த ஊட்டுல ஒண்ணு இந்தப் புள்ள சத்தம் இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்.' நல்ல மனுசனுங்க. கைநீட்டி ஒரு அடி அடிச்சதில்லை. வலியில சொன்னது. அடுத்த நாளு அவருக்கே ஞாபகமில்லை. எனக்கு மறக்குமா? புள்ளையைத் தூக்கி மடியில போட்டுட்டு அன்னிக்கே நான் ஒரு முடிவு பண்ணிப்போட்டேன். இனிமேல் இந்த ஊட்டுல சத்தம்னு ஒண்ணு இருக்காதுன்னு.

அன்னிக்குப் புடிச்சதுதான். மொதல்ல இந்தக் கதவுச் சந்துக்குப் பஞ்சுச் சீலை. அப்பறம் ஜன்னலு. கதவும் ஜன்னலும் காத்துக்கு டப்பு டப்புன்னு அடிக்கும், சட்டம் சுத்தியும் சைக்கிள் டியூப்பை நீளமா வெட்டி ஆணி அடிச்சேன். ஆணி அடிக்கற சத்தம் வருமேன்னு அவரு தறிக்குப் போன பொறவு அடிச்சேன். அறை ஜன்னலை ஒட்டுக்கா தெர்மாக்கோல் வெச்சு மூடியாச்சு. கதவுக்கு உள்பக்கம் பழைய இலவம்பஞ்சு மெத்தை ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுத் தெச்சேன். எங்கம்மா எனக்குச் சீரா குடுத்த மெத்தைங்க. காத்து வராது, வெளிச்சம் வராது, உள்ள வேர்க்கத்தான் செய்யும். அதுக்கு டேபிள் பேன் இருக்குது. அந்த பேன் கெர்ருங்கும்னு அதுக்கடியிலயும் ஒரு தலகாணி வெச்சிருக்கேன்.

ஊட்டுக்குள்ள கேளுங்க. குக்கரை எடுத்துப் பரண்ல போட்டாச்சு, சட்டிச் சோறுதான். மிக்சி பாவாயி அக்கா ஊட்டுல. பக்கெட்டுல தண்ணி புடிச்சா சொளசொளன்னு கொட்டுமே, குழாயில ஒரு துணியைக் கட்டிவிட்டா தண்ணி துணியில வழிஞ்சு ஒரு சத்தமில்லாம எறங்கும். கண்ணாடி வளையலு நான் போடறதில்லை. தர்ஷிகாவுக்கு மொத பொறந்தநாளைக்கு எங்கண்ணன் வெள்ளிக் கொலுசு எடுத்துக் குடுத்தாரு, மணி வெச்சது. ஒரு நாள் போட்டு அழகு பார்த்துட்டுக் கழட்டிப் பீரோவுல வெச்சேன். இருமல் வந்தா தலகாணியில மொகத்தை வெச்சு இருமோணும், அது அவளுக்கு ரெண்டு வயசுலயே தெரியும். அழுதாக்கூடச் சத்தம் வராதுங்க இப்ப. கண்ணுல தண்ணி மட்டும் வரும். பாவாயி அக்கா அதைப் பார்த்துட்டு, 'ஏன்டி, புள்ளையைப் பார்த்தா பக்குங்குது'ன்னாங்க. அவங்களுக்கு நாலு புள்ளைங்க, நாலும் நாலு தெசையில கத்தும். பொறாமை.

இதெல்லாம் பண்ணியும் அவருக்குச் சரியாவலை. காகம் கத்திச்சுன்னு எந்திரிப்பாரு, பழைய இரும்புக்காரன் வந்தான்னு எந்திரிப்பாரு. நான் என்ன பண்ணினேன், பத்து மணியிலிருந்து அஞ்சரை வரைக்கும் வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டேன். கீரைக்காரம்மா வந்தா வாயில விரல வெச்சுக் காட்டுவேன். இட்டிலி மாவுக்காரன் பெல்லடிச்சா ஓடிப் போய்க் கையைப் புடிச்சுக்குவேன். தெருவுல எல்லாருக்கும் என்னைய ஆகாது. 'உஷ்ஷக்கா'ன்னு பேரு வெச்சிருக்காங்க. வெச்சுக்கட்டும். எட்டு வருசமா நான் பகல்ல ஒரு கோயில் கொளம் போனதில்லை, ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை. திருச்செங்கோட்டுத் தேரு இங்கிருந்து எத்தனை தூரம்ங்க? நான் பார்த்தது கல்யாணத்துக்கு முன்னால. யாரும் என்னையக் கட்டிப்போடலை. கதவு தொறந்துதான் கெடக்குது. நான் போனா யாரு வாசல்ல உக்காருவாங்க, சொல்லுங்க?

எங்கம்மா செத்தப்பக்கூட... விடுங்க. சொல்லக்கூடாதுன்னு நெனைச்சேன், வாயில வந்துருச்சு. எங்கம்மா செத்த அன்னிக்கு எல்லாரும் கட்டிப்புடிச்சு ஒப்பாரி வெக்கறாங்க. பெத்த மக நானு. வாயைத் தொறக்கறேன், காத்துத்தான் வருது. கல்லு மனசுக்காரின்னாங்க, ஒரு சொட்டுச் சத்தம் போட்டு அழுகலை பாருன்னாங்க. எனக்குள்ள என்ன கெடந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும்.

அப்பறம்தாங்க முட்டை அட்டை. இது மூணு வருசத்துக்கு முந்தி. செல்போன்ல யாரோ பாட்டு ரெக்கார்டு பண்ற அறையைக் காட்டினாங்க, செவுரெல்லாம் மேடும் பள்ளமுமா இருந்துச்சு. பார்த்தா அப்படியே முட்டை அட்டைங்க! நாமக்கல் ஜில்லாவுல முட்டை அட்டைக்கா பஞ்சம்? முட்டைக் கடைக்காரரு வேண்டாம்னு போட்டதெல்லாம் பொறுக்கிட்டு வந்தேன். முந்நூத்திச் சில்லறை அட்டை. மைதா மாவைக் காய்ச்சிப் பசை பண்ணி, நானும் தர்ஷிகாவுமா நாலு செவுத்துலயும் மேல கூரையிலயும் ஒட்டினோம். அஞ்சு வயசுப் புள்ள, ஒரு வார்த்தை பேசாம ஒவ்வொரு அட்டையா எடுத்துக் குடுத்தா பாருங்க, தங்கம். மொத மாசம் கரப்பான் வந்து பசையைத் தின்னு பாதி அட்டை விழுந்துபோச்சு. வேப்பெண்ணெய் கலந்து மறுக்கா ஒட்டினேன்.

டிவி ரிப்பேருக்கு வந்தவரு பார்த்துட்டுச் சிரிச்சாரு. 'ஏனக்கா, இது வெளிச் சத்தத்தை நிறுத்தாதுங்க. உள்ள பேசினா எதிரொலிக்காது, அவ்வளவுதான். நீங்க கதவுல மெத்தை தெச்சீங்க பாருங்க, சந்து அடைச்சீங்க பாருங்க, வேலை செய்யறது அது. கனமிருந்தாத்தான் சத்தம் நிக்கும், காத்துப் போற சந்தை அடைச்சாத்தான் நிக்கும். அட்டையில என்னக்கா இருக்குது'ன்னாரு. நான் சண்டைக்கே போயிட்டேன். வேலை செய்யலைன்னா என்ற ஊட்டுக்காரரு எப்படித் தூங்கறாருன்னு கேட்டேன். பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

நெசமாத்தாங்க சொல்றேன். அட்டை ஒட்டினதிலிருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், சத்தம்னு அவரு எந்திரிச்சதில்லை. போன ஐப்பசியில இந்த முக்குல ஒரு லாரி டயரு வெடிச்சுச்சு. தெருவே வெளிய ஓடி வந்துருச்சு. கொழந்தைங்கெல்லாம் அலறுது. நான் உள்ள போய்ப் பார்த்தா மனுசன் கையைத் தலைக்கு வெச்சுக்கிட்டுச் சொகமாத் தூங்கறாரு. பாவாயி அக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். இப்பச் சொல்லுங்க, அட்டை வேலை செய்யுதா இல்லையான்னு. அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டுப் போனாங்க அவங்க.

தூக்கம் சரியானதும் ஆளே மாறிட்டாருங்க. முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா எங்கயோ பார்த்துட்டு ம் கொட்டுவாரு. இப்ப அப்படியில்லை. நான் பேச ஆரம்பிச்சா என்ற மொகத்தையே பார்ப்பாரு. வாயையே பார்ப்பாரு. சொல்லி முடிக்கற வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டாரு. சொன்னா வெக்கமா இருக்குது, கல்யாணம் ஆன புதுசுலகூட என்னைய அப்படிப் பார்த்ததில்லை. ஆனா முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டா கோவம், திரும்பவே மாட்டாரு. எதுக்க வந்து மரியாதையா நின்னு பேசோணும். அதுவும் சரிதானே.

டிவி மட்டும் நெம்பச் சத்தமா வெப்பாரு. பேசறதும் கத்தித்தான் பேசுவாரு. தறிக்காரங்க எல்லாருமே அப்படித்தாங்க, எட்டுத் தறிக்கு நடுவுல நின்னு பேசிப் பழகினவங்க. அங்க உள்ள வாயசைவுலயும் ஜாடையிலயுமே பேசிக்குவாங்க. 'நூலு அறுந்துபோச்சு', 'டீ வந்துருச்சு', எல்லாம் ஜாடைதான். அதையே ஊட்டுலயும் பழக்கிட்டாரு எங்களுக்கு. நாங்க மூணு பேரும் வாயை அசைச்சே குடும்பம் நடத்துவோம். தர்ஷிகா உங்ககிட்டயும் அப்படித்தான் பேசியிருக்கா. பழக்க தோசம். அதைப் போய்க் காதுல கோளாறுன்னு எழுதிட்டீங்களே.

என்னங்க டீச்சர், ஏன் அப்படிப் பார்க்கறீங்க? டீ ஆறிப்போகுது, குடிங்க.

இருங்க, ஒண்ணு காட்டறேன். அப்பத்தான் நீங்க நம்புவீங்க. போன வருசம் தறிக்காரங்களுக்கெல்லாம் கேம்ப் போட்டாங்க, காதுல ஒரு மிசினு மாட்டிச் சோதிச்சாங்களாம். அவருக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்க, கோடு கோடா போட்டு. என்ன மாமா சொன்னாங்கன்னு கேட்டேன். 'நல்லா இருக்குதாம் புள்ள, உள்ள எடுத்து வை'ன்னாரு. பத்திரமா வெச்சிருக்கேன். அப்பனுக்குக் காது நல்லா இருக்குதுன்னா புள்ளைக்கு எப்படிங்க கோளாறு வரும்? எங்க பரம்பரையிலயே யாருக்கும் இல்லை. இதை ஹெட்மாஸ்டர்கிட்டக் காட்டுங்க, அந்தப் பேச்சை அவரு விட்டுருவாரு. இந்தாங்க. இங்கிலீஷ்ல இருக்குது. படிச்சுப் பாருங்க.

படிங்க.

ஏங்க, இத்தனை நேரமா படிக்கற அளவுக்கு என்ன இருக்குது அதுல?

என்னங்க சொல்றீங்க?

ரெண்டு காதுமா? இல்லீங்க, நீங்க தப்பாப் படிச்சுட்டீங்க. வேற யாரோட பேப்பராவது மாறி வந்திருக்கும். பேரு போட்டிருக்குதா? செங்கோடன், வயசு நாப்பத்தி ஒண்ணு... ஆமாங்க, அவருதான். ஆமா, கீழ கோணலா இருக்கறது அவரு கையெழுத்துத்தான், ரெண்டு விரல் நுனி இல்லாத கை அது. இல்லீங்க டீச்சர். கேம்ப்புல வந்தவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்ப்பாங்க. அவருக்குக் கேக்குதுங்க. நான் பேசினா பதில் சொல்றாரே. என்ற மொகத்தைப் பார்த்து...

என்ற வாயைப் பார்த்து.

அட சாமி.

இருங்க. சித்த நேரம் ஒண்ணும் சொல்லாதீங்க. அட்டை ஒட்டி முடிச்ச அன்னிக்கு நான் அவரைக் கூட்டிப் போய் நடுவுல நிக்க வெச்சுக் கேட்டேங்க, எப்படி மாமா இருக்குதுன்னு. சுத்திச் சுத்திப் பார்த்தாரு. அப்பறம் என்ற மொகத்தைப் பார்த்தாரு. 'ஒரு சத்தமில்லை புள்ள'ன்னாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. எனக்காக இத்தனை பாடுபட்டிருக்காளேன்னு கலங்கறாருன்னு நான் நெனைச்சேன். மூணு வருசமா அதை நெனைச்சு நெனைச்சுச் சந்தோசப்பட்டுட்டு இருக்கேன் டீச்சர். ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்.

மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிருமேன்னு மறைச்சிருப்பாரு. நூலு அறுந்தாத் தறிச் சத்தம் மாறும், காதுலதான் அதைப் புடிப்பாங்க. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். மொதலாளிகிட்ட மறைக்கட்டும். என்கிட்டயுமா மறைக்கோணும்? நான் வாசல்ல நாய் மாதிரி உக்காந்து காவல் காத்தனே, அதைப் பார்த்துட்டுத்தானே தெனமும் உள்ள போய்ப் படுத்தாரு. யாருக்காகங்க நான் உக்காந்தேன்? புள்ள வாயைப் பொத்திப் பொத்தி வளர்த்தேனே, யாருக்கு டீச்சர்?

இல்லை. நான் நம்பமாட்டேன். கண்ணால பார்க்காம நம்பமாட்டேன். எந்திரிங்க, வாங்க என்கூட. இந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக்கறேன். அவரு தலைமாட்டுல போய் நின்னு கீழ போடறேன். எட்டு வருசத்துல இந்த ஊட்டுல ஒரு தட்டு விழுந்ததில்லை. அவரு பதறி எந்திரிச்சாருன்னா இந்தப் பேப்பரு பொய். அப்பறம் உங்க சீட்டும் பொய். எந்திரிப்பாரு பாருங்க.

கதவு கனம், மெத்தை தெச்சது. நீங்களும் ஒரு கை வெச்சுத் தள்ளுங்க. மெல்ல. அவரு முழிச்சுக்...

டீச்சர். உள்ள யாரோ பேசறாங்க.

இந்த அறையில டிவி இல்லீங்க. செல்போன் என்ற இடுப்புல இருக்குது. யாருங்க இது? கணீர்னு இருக்குது. எங்கம்மா குரல் மாதிரியே... கேளுங்க.

'...அப்பறம் கவினு என்ற ரப்பரை எடுத்துட்டான்ப்பா. நான் டீச்சர்கிட்டச் சொல்லலாம்னு எந்திரிச்சேன், வாய் வரலை. டீச்சர் இப்ப நம்ம ஊட்டுக்கு வந்திருக்காங்க. என்னைய ஊமைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாங்களாம். அம்மா அனுப்பிருவாளாப்பா? நான் பேசறது உனக்கு மட்டும்தான் தெரியும். நீதான் சொல்லோணும்...'

தர்ஷிகாங்க. என்ற தர்ஷிகா. அவ வாய்தான் அசையுது, பாருங்க. அவரு காதுகிட்டக் குனிஞ்சு சொல்லிட்டிருக்கா. எம் புள்ள குரலு எனக்கே அடையாளம் தெரியலை டீச்சர். அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. அவரு காது போனது அவளுக்குத் தெரிஞ்சிருக்குது, எழுப்பிருவோம்கற பயமில்லாம பேசறதுக்கு இந்த ஊட்டுல அவளுக்கு இருந்தது அந்த ஒரு எடம்தான். எத்தனை வருசமா இப்படிப் பேசிட்டிருந்தாளோ. நான் வெளிய நாற்காலி போட்டு உக்காந்து அடக்கமான புள்ளைன்னு பெருமை பேசிட்டிருந்தேன்.

ஐயோ, தட்டு. கை நழுவிருச்சுங்க.

பார்த்தீங்களா. அசையலை. அவரு அசையவே இல்லை.

புள்ளைதான் பதறிப்போயிட்டா. என்னையப் பார்த்துட்டா. வாயை மூடிட்டா. பாருங்க, வாயில விரல வெச்சு எனக்குக் காட்டறா. உஷ்ங்கறா. அப்பா தூங்கறாராம்.

இல்லை கண்ணு. பேசு. நீ பேசு அம்மிணி. சத்தமாப் பேசு, ஒண்ணும் ஆவாது. பேசு...

டீச்சர், அவளுக்குக் கேக்கலை. எனக்குச் சத்தமே வரமாட்டேங்குதுங்க. கத்தறேன், காத்தாத்தான் வருது. நீங்க சொல்லுங்க. உங்களுக்குக் குரல் இருக்குது. அம்மா பேசச் சொல்றாள்னு நீங்க சத்தமாச் சொல்லுங்க டீச்சர்.